சுடலிக்கு ஜூன் ஐந்து

ஜனவரி 9

அடையாள அட்டை வந்துவிட்டது. போட்டோவில் யாரையோ திட்டப் போகிறவள் மாதிரி இருக்கிறேன். ‘ஆ. கமலவேணி, தன்னார்வலர், குழந்தைகள் நலக்குழு.’ கழுத்துக் கயிறு பச்சை. வெளுத்துவிடும் ரகம்.

ஓய்வு பெற்று ஏழு மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது போதும். வேலை இதுதான். வீட்டை விட்டுப் பிரிந்து காப்பகத்திலோ வளர்ப்புக் குடும்பத்திலோ இருக்கிற பிள்ளையை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். குழு விசாரிக்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்காகப் பேச வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். சம்பளம் கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு இது என்ன பிரமாதம்! குழுத் தலைவி உமையாள் வக்கீல், “டீச்சர் மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்” என்றார். நல்லாசிரியர் விருது வாங்கியதை நான் சொல்லவில்லை. அவரே தெரிந்து வைத்திருந்தார்.

பாரத்தில் ஒரு கேள்வி: ‘உங்களுக்கு ஒதுக்கப்படும் குழந்தையை முன்பே அறிவீர்களா?’ அறிந்திருந்தால் வழக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். இல்லை என்று எழுதினேன். பிள்ளை யாரென்றே எனக்கு இன்னும் தெரியாதே.

மிக்ஸி மறுபடியும் புகைகிறது.

ஜனவரி 11

காப்பகத்துக்குப் போனேன். பிள்ளையின் பெயர் சுடலி. தம்பி அழகுராசு. அம்மா வெள்ளைத்தாய் கரிமூட்டம் போடுகிறவள். வேலிக்கருவேலை வெட்டி, மண் மூடிப் புகைய விட்டுக் கரி எடுப்பார்கள். ஒரு காட்டில் மரம் தீர்ந்தால் அடுத்த காடு. மூட்டம் சரிந்து அவள் கால் வெந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரி வாசலில் கையேந்திக்கொண்டு நின்றிருக்கின்றன. பார்த்தவர்கள் போன் செய்து காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். அப்பன் போன வருஷம் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான்.

நான் உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, “வணக்கம் பெரிய டீச்சர்!” என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “நத்தஓடைப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர்தான நீங்க?” என்றாள். ஆமாம், கடைசி நாலு வருஷம் நான் அங்கேதான் தலைமையாசிரியை. ஒரு வருஷம் படித்திருப்பாள் போல. எத்தனை முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது?

வாயில் விரல் வைத்து, “இங்க அப்படிக் கூப்பிடக் கூடாது. டீச்சர்னு மட்டும் சொல்லு” என்றேன். உடனே தலையாட்டினாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.

முதல் வழக்கே கையை விட்டுப் போனால் நன்றாகவா இருக்கும்? இதெல்லாம் ஒரு பழக்கமா?

ஜனவரி 17

பொங்கலுக்குக் காப்பகத்தில் கரும்பு கொடுத்தார்களாம். சுடலி தன் துண்டைக் கடிக்காமல் அம்மாவுக்கென்று பாவாடைக்குள் ஒளித்து வைக்க, எறும்பு மொய்த்து வார்டன் அறைந்திருக்கிறாள். வார்டனைக் கண்டித்தேன். கரும்பைப் பாவாடைக்குள் வைக்கக் கூடாது என்று சுடலிக்கும் சொன்னேன்.

“எங்கம்மை எப்ப வருவா டீச்சர்?”

“கால் ஆறட்டும்.”

“வந்ததும் எங்கள அவகூட விடச் சொல்லுவீகளா?”

பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். பிள்ளைகள் பேச்சு.

ஜனவரி 23

முதல் விசாரணை. வெள்ளைத்தாய் கம்பு ஊன்றி வந்தாள். புகை வாடை அறை முழுக்க அடித்தது. தலைவி ஃபேனை வேகமாக வைக்கச் சொன்னார். சுடலி எழுந்து அம்மாவிடம் ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். விசாரணைக்கு ஒரு மரியாதை உண்டு.

அழகுராசுவுக்குப் பிரச்சினை இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் பிறந்த சீட்டை வெள்ளைத்தாய் மஞ்சள் பைக்குள் மஞ்சள் பை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். சுடலிக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

“பொண்ணு எப்பப் பொறந்தா?” என்றார் தலைவி.

“தை மாசங்க. மூட்டத்துக்குத் தீ வச்ச அன்னைக்கு. காட்டுக்குள்ளயே பெத்தேன். இவனுக்கு மூணு வருசம் மூத்தவ. இந்தத் தையோட பத்து முடியுது.”

“தேதி?”

“தேதி தெரியாதுங்க.”

“பெத்த பிள்ள பொறந்த தேதி தெரியாதா?”

வெள்ளைத்தாய் என்னைப் பார்த்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் பைலைப் பார்த்தேன். பிள்ளைகளைக் கடத்தி வந்து பிச்சை எடுக்க விடுகிற கும்பல்கள் உண்டென்று தலைவி பொதுவாகச் சொல்லிவிட்டு, பள்ளிச் சான்றை வரவழைக்க உத்தரவிட்டார். அவள் கறுப்பு, பெண் நல்ல சிவப்பு என்பதையும் யாரோ சொன்னார்கள். அது நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்த்ததைத்தானே சொன்னேன்.

ஜனவரி 29

பள்ளிச் சான்று வந்துவிட்டது. பைலை வீட்டுக்கு எடுத்துவந்தேன். இப்போதைய தலைமையாசிரியர் பதிவேட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் பெயர் எங்கும் இல்லை.

சுடலி, பிறந்த தேதி 05.06.2016.

மறைக்க என்ன இருக்கிறது, இது என் நாட்குறிப்பு. அந்தத் தேதியை வைத்தவள் நான்தான். பிறப்புச் சான்று இல்லாமல் வருகிற எந்தப் பிள்ளைக்கும் ஜூன் ஐந்து என்றுதான் போடுவேன். எனக்கு முன்னால் இருந்தவர் மே பத்து போடுவார். ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் ஒரு தேதி. ஊர் உலகத்தில் பாதிப் பேர் இப்படிப் பிறந்தவர்கள்தானே! எனக்கே சான்றிதழில் மே பத்து. அம்மா சொன்னது மார்கழி.

இந்தப் பெண் வந்தபோது எட்டு வயது இருக்கும். அனா ஆவன்னா தெரியாது. வயதுப்படி மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் திருதிருவென்று முழிக்கும். தம்பியோடு ஒன்றாம் வகுப்பில் இருக்கட்டும் என்று வயதைக் குறைத்துப் போட்டேன். ஒன்றாம் வகுப்பில் அந்த வருஷம் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்திருந்தால் இரண்டாவது டீச்சர் பணியிடமும் போயிருக்கும். பிள்ளைக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது. வெள்ளைத்தாய் எதிரில் நின்று, “நீங்க பாத்து எழுதுங்க டீச்சர்” என்று சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. தீப்பந்தம் காட்ட ஆள் சொல்ல வேண்டும்.

ஜனவரி 30

காலையில் வாசல் தெளிக்கப் போனால் கேட்டுக்கு வெளியே வெள்ளைத்தாய். வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாளோ! மகனைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். அவனை மட்டும் முந்தாநாள் அவளிடம் விட்டுவிட்டார்கள்.

“கும்பிடுதேன் டீச்சர். நீங்க அங்க இருக்கதப் பாத்ததும்தான் உசுரு வந்துச்சு. நம்ம டீச்சர் இருக்காக, பிள்ளய வாங்கிக் குடுத்துருவாகன்னு.”

“என்னைத் தெரியும்னு அங்க யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா என்னை மாத்திருவாங்க. புரியுதா?”

“சொல்ல மாட்டேன் டீச்சர். செத்தாலும் சொல்ல மாட்டேன்.” சற்று நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். “தேதி தெரியலன்னுதான என்னயக் கள்ளின்னு நெனைக்காக? நீங்கதான எழுதுனீக? அந்தத் தேதியச் சொல்லிக் குடுங்க டீச்சர். மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்.”

சொல்லிக் கொடுப்பது என் தொழில். ஜூன் ஐந்து, இரண்டாயிரத்துப் பதினாறு. திருப்பிச் சொல்ல வைத்தேன். பதினாறு என்பதை அறுபது என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சரியாகச் சொன்னாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதியும் விட்டேன். கரி ஏறிய கை, மை ஒட்டவே இல்லை.

போகும்போது வாசலில் விழுந்து கும்பிட்டாள். பக்கத்து வீட்டில் பார்த்தார்கள். சங்கடமாக இருந்தது.

பிப்ரவரி 6

இரண்டாம் விசாரணை. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

தலைவி வாயைத் திறக்கும் முன்பே வெள்ளைத்தாய் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, “எம் மக சுடலி பொறந்தது ஜூன் அஞ்சு, ரெண்டாயிரத்துப் பதினாறு” என்றாள். ஒரு பிழை இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தலைவி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“மகன் எப்பப் பொறந்தான்?”

“அதான் சீட்டுல இருக்குங்களே.”

“இருக்கு. நவம்பர் மூணு, ரெண்டாயிரத்துப் பதினாறு. ஜூன்ல ஒண்ணு, நவம்பர்ல ஒண்ணு. அஞ்சு மாசத்துல ரெண்டு பிள்ள எப்படிம்மா பெத்த?”

அறையில் சிரித்தார்கள். எழுத்தர் கூடச் சிரித்தார். வெள்ளைத்தாய்க்கு முதலில் புரியவில்லை. அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு, “இல்லைங்க, தை மாசம், மூணு வருசம் மூத்தவ” என்றாள்.

“போன தடவை தை. இப்ப ஜூன். மறுபடியும் தையா? யார் உனக்குத் தேதி சொல்லிக் குடுத்தது?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, “யாரும் இல்லைங்க. நானாத்தான் சொன்னேன்” என்றாள்.

குழு உறுப்பினர் டாக்டர் தேவசகாயம் மட்டும் சுடலியைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். “பல்லைப் பாத்தா ஏழரை வயசு மாதிரி இல்லையே. எக்ஸ்ரே எடுத்து வயசைப் பாப்போம். ரத்தம் எடுத்து டி.என்.ஏ.வும் பாத்துட்டா முடிஞ்சுது” என்றார். குழந்தையின் துணையாளர் என்ற முறையில் என் கருத்தை எழுதித் தரச் சொன்னார் தலைவி.

பிப்ரவரி 7

நான் கணக்கு டீச்சர். இரண்டு தேதியும் ஒரே பைலில்தான் இருந்தன. பார்க்கவில்லை.

பிப்ரவரி 12

கேஸ் சிலிண்டர் வந்தது. குழாய்த் தண்ணீர் வரவில்லை.

டாக்டர் எப்போதும் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறவர் என்று கேள்வி. வயது பத்து என்று வந்தால் அடுத்து என்ன செய்வார்கள்? பதிவேட்டைக் கேட்பார்கள். பதிவேட்டில் என் கையெழுத்து. பிறகு அந்தப் பாரம். விருது வாங்கிய டீச்சர் பொய்த் தேதி போட்டாள், பொய் சொல்லி வழக்கை வாங்கினாள், சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்பார்கள். நடந்தது அப்படியா? ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் கெட்ட எண்ணம் இல்லை. சேர்த்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் அப்படித் தெரியும்.

மகன் பூனாவிலிருந்து பேசினான். “ரிட்டயர் ஆயும் சும்மா இருக்க மாட்டியாம்மா?” என்றான். பிள்ளைகளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றேன்.

பிப்ரவரி 16

கருத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு தடவை அடித்து எழுதினேன். இறுதி வடிவம்: ‘ஏற்கெனவே கலங்கியுள்ள குழந்தையை ஊசி, கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு உட்படுத்துவது அதன் மனநிலையை மேலும் பாதிக்கும். பள்ளி ஆவணம் தெளிவாக இருக்கையில் இச்சோதனைகள் தற்போது தேவையற்றவை. நிலையான குடும்பச் சூழலே குழந்தையின் உடனடித் தேவை.’

தலைவி போனில், “எவ்வளவு நல்ல தமிழ் எழுதுறீங்க டீச்சர்!” என்றார்.

மார்ச் 1

சுடலியை வளர்ப்புக் குடும்பத்தில் விட்டோம். லோகநாயகி, கணவர் பெயிண்ட் கடை. பிள்ளை இல்லை. மாடி வீடு, தனி அறை, மீன் தொட்டி. என் சிபாரிசுதான். இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்? கரிக்காட்டில் என்ன இருக்கிறது?

சுடலி காரை விட்டு இறங்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

“நீங்க சொன்னபடி பெரிய டீச்சர்னு சொல்லவே இல்ல டீச்சர். ஒரு தடவகூடச் சொல்லல” என்றாள்.

தண்டனை என்று நினைத்திருக்கிறாள், பாவம். அழுகை எனக்கும் வந்தது. லோகநாயகி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைக்கு அல்ல, எனக்கு.

மார்ச் 20

பிள்ளை பூசினாற்போல ஆகிவிட்டாள். பெயரை ‘சுபஸ்ரீ’ என்று மாற்றிக் கூப்பிடுகிறார்கள். சுடலி என்றால் பள்ளியில் கேலி செய்வார்களாம். நியாயம்தான். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிக்கையில் ‘அமைதியான சுபாவம்’ என்று எழுதினேன்.

ஏப்ரல் 16

மாதம் ஒரு முறை, அலுவலகத்தில், என் முன்னிலையில் அரை மணி நேரம் வெள்ளைத்தாய் பார்க்கலாம் என்பது உத்தரவு. காகிதத்தில் அவள் பெயர், ‘தாய் எனச் சொல்லப்படுபவர்’. இன்றுதான் முதல் தடவை. எழுபது மைல் தள்ளி மூட்டத்தில் வேலை, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். அரை மணியில் பதினெட்டு நிமிஷம் ஏற்கெனவே போய்விட்டது. நேரம் நேரம்தானே.

மிச்சமிருந்த பன்னிரண்டு நிமிஷமும் மகள் தலையைப் பிரித்துப் பின்னிக்கொண்டே இருந்தாள். லோகநாயகி போட்டுவிட்ட கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். பின்னி முடித்து, எடுத்த கிளிப்புகளை எல்லாம் மறுபடி அதே இடத்தில் குத்திவிட்டாள். “அந்தம்மா கோவிக்கும்” என்றாள்.

வெளியே வந்ததும் என்னிடம், “எம்மேலதான் தப்பு டீச்சர். நீங்க சரியாத்தான் சொல்லிக் குடுத்தீக. நாந்தான் கடைசியில ஒளறிட்டேன்” என்றாள்.

தப்பு உன்மேல் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அவளுக்கு.

மே 10

எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லி வங்கியிலிருந்து மெசேஜ். வேறு யாரும் சொல்லவில்லை. முழங்கால் வலிக்குப் புது மாத்திரை.

மே 21

வெள்ளைத்தாய் இந்த மாதம் வரவில்லை. குறித்துக்கொண்டேன்.

ஜூன் 5

சுபஸ்ரீக்கு எட்டாவது பிறந்தநாள் என்று லோகநாயகி அழைத்திருந்தார். நான்தான் சிறப்பு விருந்தினர். தலைவியும் வந்திருந்தார். முட்டை சேர்க்காத கேக், மேலே பொம்மை. தெருப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர். சுடலி இளஞ்சிவப்பு கவுனில் நின்றாள். பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டு வயதுக் கவுன் எங்கே பற்றும்? முதுகில் பொத்தான் எட்டாமல் ஊக்கு குத்தியிருந்தார்கள்.

மெழுகுவர்த்தி ஊதும் நேரத்தில் வாசலில் சத்தம். பெயிண்ட் கடைக்காரர் யாரையோ தடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்தாய். ஒரு கையில் மகன், ஒரு கையில் துணிக்கடைப் பை.

“டீச்சர்! நீங்களே சொல்லுங்க டீச்சர். இன்னைக்கு ஜூன் அஞ்சு. எம் பிள்ளைக்குப் பொறந்தநாளு. துணி மட்டும் குடுத்துட்டுப் போயிருதேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவியும் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். “அனுமதி வாங்காம இங்க வரக் கூடாதும்மா” என்றுதான் வந்தது.

அதற்குள் சுடலி மேஜையைச் சுற்றி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாதமாகப் பேசாத பிள்ளை வீடே கேட்கச் சத்தம் போட்டாள்.

“எம்மா, இன்னைக்கு இல்லம்மா! இவுகளுக்குத் தெரியல. எனக்குத் தை மாசம்தான? தீ வச்ச அன்னைக்குத்தான? நீதான சொன்ன? சொல்லும்மா இவுககிட்ட!”

வெள்ளைத்தாய் தலைவியைப் பார்த்தாள், கேக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“இல்ல தாயி. இன்னைக்குத்தான். ஜூன் அஞ்சு. டீச்சர் எழுதியிருக்காகல்ல. அம்மைக்குத்தான் மறந்துபோச்சு.”

சுடலி கையை எடுத்துவிட்டாள். தானாகவே போய் மேஜைக்குப் பின்னால் நின்று கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டினாள். முதல் துண்டை லோகநாயகிக்கு ஊட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளைத்தாயும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள்.

‘டீச்சர் எழுதியிருக்காக’ என்றது தலைவி காதில் விழுந்ததா தெரியவில்லை. அவர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 6

இன்று வெயில் இல்லை. வடாம் போட முடியவில்லை.

நேற்று நடந்ததற்கு உடனே அறிக்கை கேட்டார் தலைவி. இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவளை ஆறு மாதமாவது பார்க்க விடக் கூடாது என்றார். மேஜை முன்னால் உட்கார்ந்தேன். அரை நாள் ஆகியும் இரண்டு வரிதான் வந்தது.

‘தாய் எனச் சொல்லப்படுபவர் 05.06 அன்று அனுமதியின்றி வளர்ப்புக் குடும்பத்தின் இல்லத்துக்கு வந்தார். குழந்தையின் பிறந்த தேதியை இம்முறை சரியாகச் சொன்னார்.’

இரண்டாவது வரியை அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.